முற்றம் இருந்த இடம்

எங்கள் பழைய வீட்டு முற்றத்தின் கிழக்கு மூலையில், துவைக்கிற கல்லை ஒட்டி நின்று, தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து மேற்கே பார்த்தால், ஓட்டு விளிம்புக்கு மேலே அண்ணாமலையின் உச்சி ஒரு முறம் அகலத்துக்குத் தெரியும். ஒரு முழம் இந்தப் பக்கம் நகர்ந்தால் பக்கத்து வீட்டு மாடிச்சுவர் மறைத்துவிடும். கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, ஓர் ஆள் நிற்கக்கூடிய அந்த இடத்தில் நாங்கள் ஒன்பது பேர், ஒருவர் தோளில் ஒருவர் முகவாயை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறோம். உச்சியில் ஒரு பொட்டு நெருப்பு எழும். ஆயா "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று சொல்லிக்கொண்டே முதல் அகலை ஏற்றுவாள். அந்த நெருப்போடு சேர்ந்து, எங்கிருந்து என்று சொல்ல முடியாத ஒரு வாசனையும் முற்றத்துக்குள் இறங்கும்; நெய்யா, கற்பூரமா, நனைந்த மண்ணா, தெரு முழுக்க எரியும் நல்லெண்ணெய்த் திரியா என்று நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம்.

அதே இடத்துக்கு நேர் மேலே இப்போது ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒரு தகரப் பெட்டி தொங்குகிறது. இரண்டடிச் சதுரத்தில் ஒரு மூடி, மூடியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு. வீட்டுக்குள் இருக்கும் பழைய காற்றை வெளியே தள்ளி, வெளியிலிருந்து புதுக்காற்றை உள்ளே கொண்டுவருவதும், போகிற காற்றின் குளிர்ச்சியை வருகிற காற்றுக்கு வாங்கிக்கொடுப்பதும் அதன் வேலை. இ.ஆர்.வி. என்று சொல்கிறார்கள். வானம் இருந்த இடத்தில் அது இருக்கிறது. அதை அங்கே மாட்டச் சொன்னவன் நான்தான், மாதம் ஒரு முறை ஏணி போட்டு ஏறி அதைக் கழற்றித் துடைக்கிறவனும் நான்தான். எப்படி அங்கே வந்து சேர்ந்தோம் என்பதை, முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்த யாருக்கும் சொன்னால் புரியும் என்று தோன்றுகிறது.

தேரடித் தெருவுக்கு இரண்டு சந்து தள்ளி இருந்த எங்கள் வீட்டைத் தொட்டிக்கட்டு வீடு என்பார்கள். கிழக்கே தெருத்திண்ணை, அப்புறம் நடை, முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், சமையற்கட்டு, கடைசியில் கிணறும் முருங்கையும் உள்ள தோட்டம் என்று ரயில் வண்டி போல மேற்கே நீண்டு கிடக்கும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்தான். ஒரு சன்னல் கிடையாது. ஆனாலும் தெருக்கதவையும் தோட்டக் கதவையும் திறந்துவிட்டால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் வேட்டி நுனி அசையும். முற்றத்துக் கருங்கல் சூடேறச் சூடேற அதன்மேல் நிற்கும் காற்று லேசாகி மேலே போகும். போன காற்றின் இடத்தை நிரப்ப நடை வழியாகவும் தோட்டத்து வழியாகவும் புதுக்காற்று வரும். ராத்திரியில் கதை திரும்பும். வானத்தைப் பார்த்துக் கிடக்கும் கூரை ஓடு சீக்கிரம் ஆறி, அதைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்து, விளிம்பு வழியாக முற்றத்துக்குள் வழிந்து தாழ்வாரத்துப் பாய்கள் வரைக்கும் பரவும். இதையெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. சாயங்காலம் நாலரை மணிக்கு ஆயா நாலு குடம் இறைத்து முற்றத்தில் ஊற்றுவாள், கல் 'சுர்' என்று ஒரு பெருமூச்சு விடும், அரை மணி நேரத்தில் பூனை அங்கே வந்து படுக்கும். பூனை படுத்துவிட்டால் எங்களுக்குப் பாய் போடும் நேரம்.

திருவண்ணாமலை வெயிலை வெளியூர்க்காரர்களுக்கு விளங்கவைப்பது கஷ்டம். கடலோர ஊர்களுக்குப் பிற்பகலில் கடற்காற்று உண்டு. எங்களுக்கு மலைதான் உண்டு. 814 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் பாறை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி பதினொரு மணி வரைக்கும் அதைத் திருப்பித் தந்துகொண்டிருக்கும். பஞ்சபூதத் தலங்களில் எங்களுடையது அக்னித் தலம். கூட்ட நாளில் கருவறைப் பக்கம் நின்றவர்களுக்கு அந்தப் பெயரைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிடும். விரூபாட்ச குகையில் 1899 முதல் 1916 வரை இருந்த ரமணரே கோடை மாதங்களை மாமரத்துக் குகையில் கழித்திருக்கிறார். சின்ன வயசில் விரூபாட்ச குகைக்குள் கண்ணை மூடி உட்கார்ந்தபோது எனக்குத் தியானம் வரவில்லை, காது மடலில் வியர்வை இறங்குவதுதான் கேட்டது. வெளியே வந்து பாறையில் நின்று ஒரு மூச்சு இழுத்தேன் பாருங்கள், காற்று என்பது தனியான ஒரு பொருள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கத்திரி வெயில் நாட்களில் முற்றமும் போதாது. மே 4-ஆம் தேதியிலிருந்து 28 வரைக்கும் பாய், தலையணை, பனையோலை விசிறி, தண்ணீர்ச் சொம்பு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவோம். பக்கத்து வீட்டாரும் அவர்கள் மாடியில் இருப்பார்கள். கைப்பிடிச் சுவருக்கு மேலாகப் பேச்சு நடக்கும், யாரோ வெள்ளரிப் பிஞ்சு நீட்டுவார்கள், யாரோ ஒரு சித்தி நட்சத்திரங்களுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போவாள். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு குளிர்ந்த காற்று வரும். அந்தக் காற்றுக்காக மட்டும் விழித்துப் போர்வையைக் காலால் தேடிய சுகத்தை, எழுபது வயதில் எந்த விலை கொடுத்தும் வாங்க முடியவில்லை.

ஆனால் அந்த வீட்டைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் போனால் ஆயாவுக்குத் துரோகம் செய்ததாகும். வீட்டின் எல்லா இடத்திலும் காற்று போய்வந்தது, அவள் நின்ற இடத்தைத் தவிர. சமையற்கட்டுக் கூரையில் ஒரு புகைக்கூண்டு இருந்தது. அடுப்பில் ஈரச் சவுக்கு எரிகிற நாளில் அதன் வழியாகப் போன புகையைவிட அவள் கண்ணுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் போன புகைதான் அதிகம். ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தால் இருமல். சுவர், உத்தரம், அரிவாள்மனை, எல்லாவற்றிலும் ஒரு கறுப்புப் பிசுக்கு. நாங்கள் திண்ணையில் காற்று வாங்கிக்கொண்டு "ஆயா, காப்பி" என்று குரல் கொடுப்போம். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். அவளுக்கு வேண்டிய காற்றை நாங்கள் ஒருவரும் கணக்கில் வைக்கவில்லை. பழைய வீடுகளைப் புகழ்ந்து யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிவந்த கண்கள் நினைவுக்கு வருகின்றன.

1986-இல் முற்றத்தை மூடினோம். மூடச் சொன்னவன் நான். அப்போது எனக்கு முப்பது வயது, பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார், தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். மழை பெய்தால் தாழ்வாரம் நனைகிறது, குரங்கு இறங்கி அரிசி முறத்தைக் கவிழ்க்கிறது, மாப்பிள்ளை வீட்டார் வந்தால் உட்கார வைக்க ஹால் வேண்டும் என்று அப்பாவிடம் காரணங்களை அடுக்கினேன். எல்லாம் நிஜமான காரணங்கள்தான். எங்கள் தெருவில் ஐந்தாறு வீடுகளில் ஏற்கெனவே மூடியிருந்தார்கள். கான்கிரீட் போட்டு, மொசைக் பாவி, நடுவில் ஒரு மின்விசிறி தொங்கவிட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மேஸ்திரி கம்பி கட்டுவதை ஆயா கிணற்றடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "அப்ப மழை எங்கடா பெய்யும்?" என்று கேட்டாள். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. அதே வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு வெப்பச்சலனம் நடத்தினேன். கரும்பலகையில் பாத்திரம் வரைந்து, சூடான நீர் மேலே போவதற்கும் குளிர்ந்த நீர் கீழே வருவதற்கும் அம்புக்குறி போட்டேன். அந்த அம்புக்குறிகள் முப்பது வருஷமாக என் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தவை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்த முப்பது வயதுப் பையன் மேல் இன்றைக்கு எனக்குக் கோபம் இல்லை. தங்கைக்கு நல்ல இடத்தில் கல்யாணம் நடக்க வேண்டும் என்று நினைத்தான், நடந்தது.

அந்தக் கோடையில்தான் புழுக்கம் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் குடிவந்தது. வெக்கை வேறு, புழுக்கம் வேறு. வெக்கை தோலில் அடிக்கும். புழுக்கம் மூக்குக்குள் நிற்கும். மின்விசிறி காற்றைச் சுற்றியதே தவிர, மாற்றவில்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான். கேஸ் அடுப்பு வந்தது. ஆயாவின் கடைசி நாலு வருஷங்களுக்குப் புகை இல்லாமல் போனது, அதற்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். ஏர்கூலர் வந்தது. 2012-இல் மின்வெட்டு நாளுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டியபோது இருபது வருஷம் கழித்து எல்லாரும் மொட்டைமாடிக்குப் பாயோடு ஏறினோம், கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். 2019-இல் மகன் வீட்டை இடித்து அதே மனையில் புதிதாகக் கட்டினான். யுபிவிசி சன்னல்கள், ரப்பர் பட்டை வைத்த கதவுகள், மூன்று படுக்கையறையிலும் ஸ்பிலிட் ஏ.சி. சாத்தினால் தெருவில் தேர் போனாலும் கேட்காது.

இந்தப் பெட்டியை நான் முதலில் பார்த்தது இங்கே இல்லை. 2018 ஜனவரியில் டொரொண்டோவுக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். வெளியே மைனஸ் 15 டிகிரி. சன்னலைத் திறக்க முடியாது, திறந்தால் வீட்டைச் சூடேற்றக் கொடுத்த காசு எல்லாம் பனியில் கரைந்துவிடும். திறக்காமல் இட்லி அவித்து, ரசம் கொதிக்கவைத்து, ஐந்து பேர் குளித்து, துணியும் உலர்த்தினால் கண்ணாடியெல்லாம் வியர்த்து மூலையில் பூஞ்சை பிடிக்கும். இதற்காகத்தான் அந்த ஊர்ப் புது வீடுகளின் நிலவறையில் எச்.ஆர்.வி. என்ற பெட்டி இருக்கிறது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது குளிர்நாடுகளில் வீடுகளை இறுக்கி அடைக்க ஆரம்பித்தார்கள். இறுக்கியதும் மூச்சு முட்டியது. 1977-இல் கனடாவின் ரெஜைனா நகரத்தில், சஸ்காச்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ் என்று ஒரு சோதனை வீடு கட்டினார்கள். அதில் இந்தக் காற்றுப் பெட்டியின் முன்னோடி ஒன்று இருந்தது. ஜெர்மனியில் 1991-இல் டார்ம்ஸ்டாட் நகரத்தில் கட்டப்பட்ட முதல் பாசிவ் ஹவுஸும் இந்த வழியில் வந்ததுதான்.

மகள் என்னை நிலவறைக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியின் கதவைத் திறந்து காட்டினாள். உள்ளே வைர வடிவத்தில் ஒரு பாளம், நூற்றுக்கணக்கான மெல்லிய தகடுகள். ஒரு தகட்டு இடைவெளியில் வெளியே போகும் காற்று, அடுத்ததில் உள்ளே வரும் காற்று. இரண்டும் கலப்பதில்லை, தகடு வழியாகச் சூடு மட்டும் கைமாறுகிறது. குழந்தைக்குப் பால் ஆற்றுவதற்குச் சொம்பைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, தண்ணீர் பாலில் கலக்காமலேயே பாலின் சூட்டை எடுத்துக்கொள்ளுமே, அதேதான். உள்ளே 21 டிகிரி, வெளியே மைனஸ் 15, இடையில் 36 டிகிரி வித்தியாசம். அதில் முக்கால் பங்கை மீட்டால் புதுக்காற்று 12 டிகிரியில் உள்ளே வரும். மீதியை மட்டும் சூடாக்கினால் போதும். முப்பத்துநாலு வருஷம் கரும்பலகையில் எழுதிய கணக்கு ஒரு பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து அந்த நிலவறையில் நெடுநேரம் நின்றேன். "அப்பா, குளிருது, மேல வாங்க" என்று அவள் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் அந்தப் பெட்டியின் பராமரிப்பு என் பொறுப்பானது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபில்டரைக் கழற்றித் தூசு உறிஞ்சுவது, கோர் என்று அவர்கள் சொல்லும் அந்தப் பாளத்தைத் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுவது, அம்புக்குறி பார்த்துத் திரும்பச் செருகுவது, அடியில் நீர் வடியும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, பூட்ஸ் போட்டுக்கொண்டு வெளியே போய்க் காற்று இழுக்கும் வாயில் பனி மூடியிருந்தால் தட்டிவிடுவது. அந்த வீட்டில் என் கைக்குக் கிடைத்த வேலை அது ஒன்றுதான், அதை ஆசையாகச் செய்தேன்.

ஊர் திரும்பிய பிறகு அதை மறந்தும் போனேன். பேரனுக்கு மூன்று வயதில் வீசிங் வந்தது. டாக்டர் மருந்து எழுதிக்கொடுத்துவிட்டு, "ரூமுக்குக் கொஞ்சம் காத்து வரட்டும்" என்றார். ஏ.சி. ஓடுகிற அறைக்குக் காற்று எப்படி வரும்? நம்மில் பலபேர் ஸ்பிலிட் ஏ.சி. வெளியிலிருந்து காற்றை இழுத்துக் குளிரவைத்துத் தருகிறது என்று நினைக்கிறோம். அது அறைக்குள் இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிரவைக்கிறது. சுவரில் போகும் குழாயில் போவது குளிர்பதன வாயு மட்டும். கொரோனா காலத்தில் மகன் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கியிருந்தான். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் 420 பங்கு அளவுக்குக் காட்டும். மகனும் மருமகளும் பேரனும் தூங்கி எழுந்த அறையில் காலையில் 2,800 காட்டியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம், 34 கன மீட்டர். தூங்குகிற பெரியவர் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். இரண்டு பெரியவர்கள் என்றாலே மணிக்கு 700 பங்கு ஏறும். 1,000-ஐத் தாண்டினால் அறைக்காற்று கெட்டது என்று 1858-லேயே மியூனிக்கில் மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர் எல்லை வகுத்துவிட்டார். மீட்டரில் அந்த 2,800-ஐப் பார்த்தபோது எனக்கு ஆயா கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. 1986-இல் நான் மூடிய மூடியின் கீழேதான் பேரன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

அதனால் 2022-இல் பெட்டி வாங்கப் புறப்பட்டோம். கடைக்காரருக்கும் எங்களுக்கும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது, மகள் வீட்டு எச்.ஆர்.வி. நம் ஊருக்குப் பொருந்தாது என்பது. அதன் அலுமினிய அல்லது பிளாஸ்டிக் தகடு சூட்டை மட்டும் கடத்தும், ஈரத்தைக் கடத்தாது. ஐப்பசி மழையில் வெளிக்காற்று ஈரத் துணி மாதிரி இருக்கும்போது அந்த ஈரமெல்லாம் வீட்டுக்குள் வந்து ஏ.சி.யின் தலையில் விழும். இ.ஆர்.வி.யில் தகடுக்குப் பதில் ஒருவகைக் காகிதம் அல்லது மெல்லிய சவ்வு. 1970-இல் ஜப்பானில் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் கொண்டுவந்த காகிதக் கோர் இந்த வகை. சூட்டோடு ஈரமும் காகிதத்தைத் தாண்டி, உலர்ந்து வெளியேறும் காற்றோடு போய்விடும். அப்புறம் நம் ஊர்க் கணக்கு: சித்திரை மத்தியானம் வெளியே 42, உள்ளே 26. நூற்றுக்கு 70 மீட்டால் புதுக்காற்று 31 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக உள்ளே வரும். இது வீட்டைக் குளிரவைக்கும் இயந்திரம் இல்லை. வாங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஏ.சி. செய்த வேலை வீணாகாமல் காக்கிறது, அவ்வளவுதான்.

1,200 சதுர அடி, மூன்று படுக்கையறை வீட்டுக்கு மணிக்குச் சுமார் 110 கன மீட்டர் புதுக்காற்று வேண்டும் என்று கணக்கு வந்தது. 150 கொள்ளும் பெட்டி போதும் என்றார் கடைக்காரர். நான் 250 கேட்டேன். சின்னப் பெட்டியை முழு வேகத்தில் ஓடவிட்டால் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும், கொஞ்ச நாளில் யாராவது எழுந்துபோய் நிறுத்திவிடுவார்கள். நிறுத்திய பெட்டியும் அடைத்த சன்னலும் ஒன்றுதான். பெரியதைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் இருப்பதே தெரியாது. புதுக்காற்று படுக்கையறைகளிலும் கூடத்திலும் வர வேண்டும், பழையது குளியலறைகளிலிருந்து போக வேண்டும். சமையலறை அடுப்புக்கு மேலே இருக்கும் சிம்னியை மட்டும் இதோடு இணைக்கக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு வருஷத்தில் கோரை அடைத்துவிடும், ஆயாவின் சுவரில் படிந்தது போல. அதற்குத் தனி வழி. கதவுகளின் அடியில் முக்கால் அங்குலம் இடைவெளி விட வேண்டும். தேள் வரும் என்று பழைய வீட்டில் அந்த இடைவெளியில் துணி சுருட்டி வைப்போம். இப்போது அதைச் சுத்தமாக விட வேண்டும் என்று மருமகளிடம் சொன்னபோது அவள் தேளைப் பற்றித்தான் முதலில் கேட்டாள். கதவின் அடியில் சன்னமான நைலான் வலைப்பட்டை ஒட்டினோம்.

காற்றை எந்தப் பக்கமிருந்து எடுப்பது என்பதில்தான் ரொம்ப நேரம் நின்றோம். இரு பக்கமும் சுவர். தெருப் பக்கம் எடுத்தால் பௌர்ணமி தோறும் கிரிவலத்துக்கு வரும் வண்டிகளின் புகை முழுதும் படுக்கையறைக்கு வரும். தோட்டத்துப் பக்கம், மேற்கே, மலையைப் பார்த்த சுவரில், முதல் மாடி உயரத்தில் வாயை வைத்தோம். வெளியேற்றும் குழாயை அதிலிருந்து பத்தடி தள்ளி வைத்தோம். ஆறடிக்குக் குறைந்தால் விட்ட மூச்சையே இழுக்கும். மழை இறங்காமல் வெளிப்புறமாகச் சரிவு, பல்லியும் குருவியும் நுழையாமல் வலை, குளிர்ந்த குழாய் வியர்க்காமல் இருக்கப் பஞ்சுறை.

மாட்ட வந்த தம்பி எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்துவிட்டு, கடைசியில் பெட்டிக்குக் கீழே சீலிங்கை மூடப் போனான். "தம்பி, இதை எப்படித் திறந்து துடைக்கிறது?" என்று கேட்டேன். "அதெல்லாம் நாங்க வருஷா வருஷம் வந்து பாப்போம் சார்" என்றான். வருவான், நல்ல பிள்ளைதான். ஆனால் மாதம் ஒரு முறை கை போட வேண்டிய பொருளைப் பலகைக்குப் பின்னால் வைத்து மூடினால் அது இரண்டே வருஷத்தில் தூசுப் பெட்டியாகிவிடும். கிணற்றைத் தூர்வார முடியாதபடி யாராவது கட்டுவார்களா? இரண்டடிச் சதுரத்துக்கு மூடி வைத்தால்தான் மீதிப் பணம் என்று சொல்லிவிட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அப்புறம் அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். இந்தப் பெட்டி வாங்குகிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்: எத்தனை நட்சத்திரம், எந்த நாட்டுச் சரக்கு என்பதற்கு முன்னால், உங்கள் கை அதற்குள் போகுமா என்று பாருங்கள்.

இப்போது மூன்று வருஷமாக ஓடுகிறது. காலையில் மீட்டர் 800-ஐத் தாண்டுவதில்லை. பேரனுக்கு வீசிங் குறைந்திருக்கிறது. மருந்தாலா, வயது ஏறியதாலா, காற்றாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அறைக்குள் நுழைந்தால் மூக்கில் எதுவும் நிற்பதில்லை, அது எனக்குத் தெரியும். மார்கழிப் பனிக்காலத்து விடியலில் வெளிக்காற்றே சுகமாக இருக்கும்போது கோரைச் சுற்றிக்கொண்டு போகும் பைபாஸ் வழியைப் பெட்டியே திறந்துகொள்கிறது. நான் அதையும் நிறுத்திவிட்டுச் சன்னலைத் திறந்துவிடுவேன்.

ஃபில்டரைக் கழற்றும்போது ஊரின் பஞ்சாங்கத்தை அதில் வாசிக்கலாம். தை மாதம் கழற்றினால் போகிப் புகையின் கறுப்பு. பங்குனியில் செம்மண் தூசு, அதில் சிக்கிய புங்கம்பூ. கார்த்திகையில் பட்டாசுப் புகையும் அகல் விளக்குப் புகையும் சேர்ந்த சாம்பல் நிறம். கழுவக்கூடிய வலையை மாதம் ஒரு முறை கழுவுகிறேன். அதற்குப் பின்னால் இருக்கும் நுண்ணிய ஃபில்டரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன். காகிதக் கோரைத் தண்ணீரில் போடக் கூடாது. மகள் வீட்டுப் பழக்கத்தில் முதல் முறை வாளியில் அமிழ்த்தப் போய்விட்டேன், மகன் கையைப் பிடித்து நிறுத்தினான். அதைத் தூசு உறிஞ்சும் கருவியால் மெல்ல வருடினால் போதும். கடைசியில் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திக் குளியலறைக் கதவடியில் பிடிப்பேன். புகை உள்பக்கம் சாய்ந்தால் காற்று போகிற வழியில் போகிறது. நேராக நின்றால் எங்கேயோ அடைப்பு. ஆயா பூனையைப் பார்த்ததை நான் புகையில் பார்க்கிறேன்.

பழைய முற்றத்துத் துவைக்கிற கல்லை இடிக்கும்போது நான் விடவில்லை. தோட்டத்தில் முருங்கையடியில் கிடக்கிறது. வலையை அந்தக் கல்லில் வைத்துத்தான் கழுவுகிறேன், பேரன் சொம்பில் தண்ணீர் ஊற்றுவான். போன தீபத்துக்கு மறுநாள் காலையில் கழுவியபோது கறுப்புத் தண்ணீர் கல்லின் பழைய பள்ளத்தில் தேங்கி நின்றது. வலையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தேன். நெய்யா, கற்பூரமா என்று தேடினேன். ஈரத் தூசு வாசனைதான் வந்தது. பேரனும் வாங்கி முகர்ந்துவிட்டு, "பாத்ரூம் வாசன வருது தாத்தா" என்றான்.

வலை நிழலில் காய இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் பெட்டியை ஓட்ட முடியாது. பெட்டி ஓடாத வீட்டில் ஏ.சி. போடக் கூடாது என்பது நான் வைத்த சட்டம். எனவே மாதத்தில் அந்த ஒரு நாள் மட்டும் தெருக்கதவு, தோட்டக் கதவு, மாடிப்படிக் கதவு, எல்லாச் சன்னல்களும் திறந்து கிடக்கும். முதல் மாதம் மருமகள் தூசு வரும் என்று முகம் சுளித்தாள். இப்போது அவளே காலையில், "மாமா, இன்னிக்குத்தானே கதவு தொறக்கிற நாள்?" என்று கேட்டுவிட்டுப் பாயை எடுத்து நடையில் போடுகிறாள். தீபத்துக்கு மறுநாளான அன்றைக்கும் போட்டாள். மாடிப்படி வழியாகச் சூடான காற்று மேலே ஏறியது போலும், கிழக்கிலிருந்து திரைச்சீலை கூடத்துப் பக்கமாக உப்பியது. மூன்றாவது வீட்டில் யாரோ வெங்காய சாம்பாருக்குத் தாளித்தார்கள். தெருவில் பூக்காரம்மாவின் குரல், அதற்கும் பின்னால் கோயில் மணி. பேரன் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, "தாத்தா, வல காஞ்சிடுச்சா?" என்றான்.

இன்னும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் முன்னாலேயே காய்ந்துவிட்டிருந்தது.